பெயரை மறைத்தும் ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்களே!

வாசகர் கேள்வி – பதில்

இணையத்தில் புனைபெயரில் எழுதுவது பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு கேள்விக்கு விடையளித்திருந்தோம். அதைத் தொடர்ந்து பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் அதே பொருளில் கடிதங்கள் வந்தமையால், இம்முறை இப்பகுதியை முழுவதும் அதற்கே ஒதுக்கியுள்ளோம். கடிதம் எழுதியோரின் ஊர், தொழில், குடும்பம் பற்றிய விவரங்களில் சிலவற்றை வேண்டுமென்றே மாற்றி வெளியிட்டிருக்கிறோம். காரணம் முதல் பதிலிலேயே விளங்கும்.

கேள்வி: நான் பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். முகநூலில் பெண்களுக்கான ஒரு குழுவில், பெயர் தெரியாமல் பதிவிடும் வசதியைப் பயன்படுத்தி, புகுந்த வீட்டில் எனக்கு நேரும் மன உளைச்சலை எழுதி ஆலோசனை கேட்டிருந்தேன். பள்ளியின் பெயரையோ கணவரின் பெயரையோ எங்கும் குறிப்பிடவில்லை. ஆயினும் அந்த வாரமே என் நாத்தனாரின் புலனத்துக்கு (வாட்ஸ்அப்) அப்பதிவின் படம் போய்ச் சேர்ந்துவிட்டது. குழுவில் யாரேனும் என்னைக் காட்டிக்கொடுத்திருப்பார்களா?
– பெயர் வேண்டாம், பினாங்கு

பதில்: அம்மா, காட்டிக்கொடுத்திருக்கலாம், ஆனால் அதற்குத் தேவையே இருந்திராது. நீங்கள் கடிதத்தோடு இணைத்தனுப்பிய அந்தப் பதிவைப் படித்தேன். பேராக்கிலிருந்து மணமாகி வந்தவர், நான்காம் ஆண்டு வகுப்பாசிரியை, நாள்தோறும் பாலத்தைக் கடந்து பணிக்குச் செல்பவர், தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் கணவர், இரண்டு பெண் குழந்தைகள், அண்மையில் காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட மாமியார் ஆகிய அனைத்தையும் அதில் எழுதியிருக்கிறீர்கள். இவற்றுள் ஏதேனும் ஒன்றை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால், அது பல நூறு பேருக்குப் பொருந்தும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் ஒருவருக்கே பொருந்தும்.

இதைக் கணக்காகவே சொல்லலாம். மலேசியாவின் மக்கள்தொகை ஏறக்குறைய 3 கோடியே 40 இலட்சம். அத்தொகையைப் பாதி பாதியாக 25 முறை குறைத்துக்கொண்டே போனால் எஞ்சுபவர் ஒருவர்தான். எழுதியவர் பெண் என்று தெரிந்த உடனேயே பாதிப்பேர் விலகிவிடுகிறார்கள். தமிழில் எழுதுகிறார் என்பது ஒரே வெட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேற்பட்டோரை விலக்கிவிடுகிறது. ஆசிரியை என்பதோ அதைவிடக் கடுமையான வெட்டு. பினாங்கு மாநிலத்தில் இருப்பவையே 28 தமிழ்ப்பள்ளிகள். அவற்றுள் பெரும்பாலானவை பெருநிலத்தில் உள்ளன, தீவில் இருப்பவை சிலவே. பாலத்தைக் கடப்பதாகச் சொன்னபோதே அந்தச் சிலவற்றுக்கோ, எதிர்ப்புறத்தில் உள்ளவற்றுக்கோ வட்டத்தைச் சுருக்கிவிட்டீர்கள். நான்காம் ஆண்டு என்ற விவரம் ஒரு பள்ளிக்கு ஒருவர் அல்லது இருவர் என்ற அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறது. மாமியாரின் கால் வரை போக வேண்டிய அவசியமே இல்லை. நம் சமூகம் சிறியது. அதனுள் தமிழ் படிப்போரின் வட்டம் அதனினும் சிறியது. திருமணங்களாலும் கோயில்களாலும் பள்ளிகளாலும் ஒருவரையொருவர் அறிந்த வட்டம் அது. ஆங்கிலத்தில் எழுதும் அமெரிக்கர் ஒருவர் கூட்டத்தில் மறைவது போல் நாம் மறைய முடியாது.

அவர்களாலும் எளிதில் மறைய முடியவில்லை என்பதற்குச் சான்றுகள் உண்டு. 2006ஆம் ஆண்டில் ஏ.ஓ.எல். என்ற அமெரிக்க இணைய நிறுவனம், ஆறரை இலட்சம் பயனர்கள் மூன்று மாதக் காலத்தில் தேடிய சொற்களை, பெயர்களை நீக்கி எண்களை மட்டும் இட்டு, ஆய்வாளர்களுக்கென வெளியிட்டது. நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் அவற்றுள் ஓர் எண்ணைப் பின்தொடர்ந்து, ஊர்ப்பெயர், உறவினரின் குடும்பப்பெயர், வளர்ப்பு நாயின் தொல்லை ஆகிய தேடல்களை ஒன்றுசேர்த்து, ஜார்ஜியா மாநிலத்தில் வாழ்ந்த ஒரு மூதாட்டியின் வீட்டு வாசலுக்கே போய்விட்டார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று அமெரிக்காவில் பேராசிரியராக உள்ள அரவிந்த் நாராயணன், பெயர் நீக்கி வெளியிடப்பட்ட நெட்ஃபிளிக்ஸ் திரைப்பட மதிப்பீடுகளைப் பொதுவெளியில் கிடைத்த வேறு மதிப்பீடுகளோடு ஒப்பிட்டு ஆட்களை அடையாளம் காண முடியும் என்று 2008இல் தம் சக ஆய்வாளருடன் சேர்ந்து காட்டினார். பின்னர் 2012இல் அவரும் பிறரும் செய்த மற்றோர் ஆய்வில், ஒரு இலட்சம் பேர் எழுதியவற்றை வைத்துக்கொண்டு, எழுத்து நடையை மட்டுமே கணினி ஆராய்ந்து, ஐந்தில் ஒரு பங்கு தடவைகளில் எழுதியவர் யாரென்று சரியாகச் சொன்னது. அது ஆங்கிலத்துக்குச் செய்த ஆய்வு. தமிழில் உங்கள் நாத்தனாருக்குக் கணினி எதற்கு? நீங்கள் வழக்கமாகச் சொல்லும் ஒரு தொடரை அப்பதிவில் மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலும் அது இரண்டு இடங்களில் இருக்கிறது.

அந்த வசதியைப் பற்றியும் ஒரு செய்தி. முகநூல் குழுவில் பெயர் காட்டாமல் பதிவிடும்போது மற்ற உறுப்பினர்களுக்குத்தான் உங்கள் பெயர் தெரியாது. குழுவின் நிர்வாகிகளும் நெறியாளர்களும் அதைப் பார்க்க முடியும், நிறுவனத்துக்கும் தெரியும். எனவே முன்பின் அறியாத ஒரு நிர்வாகியின் நாவடக்கத்தை நம்பியே அதில் எழுதுகிறீர்கள்.

இனி எழுதும்போது, விடை சொல்பவர் அறிந்தே தீர வேண்டியது எது என்று மட்டும் பாருங்கள். மாமியாரோடு ஒரே வீட்டில் வசிக்கிறீர்கள் என்பது தேவை. எந்த ஆண்டுக்குப் பாடம் நடத்துகிறீர்கள் என்பது தேவையில்லை. தேவையற்றதை நீக்குங்கள், நீக்க முடியாததை மாற்றுங்கள். இரண்டு பெண்கள் ஒரு பையனாகட்டும், ஆசிரியை அலுவலக ஊழியராகட்டும். நேற்று நடந்ததை இன்றே எழுதாமல் சில வாரங்கள் கழித்து எழுதுங்கள். நாளும் நேரமும் பொருந்துவதுதான் பல வேளைகளில் ஆளைக் காட்டித் தருகிறது. உங்கள் மனத்துன்பத்தைச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் மாமியாரின் நோய் விவரத்தை அவருடைய சம்மதமின்றிப் பொதுவில் எழுதியதை என்னால் சரியென்று சொல்ல முடியாது. உடனடியாக யாரிடமேனும் பேச வேண்டுமென்றால் மகளிர் அமைச்சின் 15999 என்ற உதவி எண் இருக்கிறது. அங்கே பேசுவதை யாரும் படமெடுத்து நாத்தனாருக்கு அனுப்ப முடியாது.

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் முகநூல் குழுவுக்கு நான் நிர்வாகி. போலிப் பெயரில் ஒருவர் நிர்வாகக் குழுத் தலைவரைத் திருடர் என்று தொடர்ந்து எழுதி வருகிறார். அவரைக் கண்டுபிடிக்க முடியுமா? அவர் எழுதுவதற்கு நானும் பொறுப்பாவேனா?
– பணி ஓய்வு பெற்றவர், செந்தூல்

பதில்: ஐயா, இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன், ஏனெனில் உங்களுக்கு ஆபத்து அங்கேதான் இருக்கிறது. 1950ஆம் ஆண்டு ஆதாரச் சட்டத்தில் 114ஏ என்ற பிரிவு 2012 ஜூலை 31 முதல் நடப்பில் உள்ளது. ஒரு வெளியீட்டில் உரிமையாளர், நிர்வாகி, ஆசிரியர் என்று பெயரோ படமோ புனைபெயரோ காணப்படுபவர், அதில் வந்ததை வெளியிட்டவராகவே கருதப்படுவார். இணையச் சேவை யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரும் அவ்வாறே கருதப்படுவார். தாம் வெளியிடவில்லை என்று நிறுவும் பொறுப்பு அவர்களைச் சேர்ந்தது. அப்பிரிவைக் கண்டித்து அதே ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் நாள் பல இணையத்தளங்கள் இருட்டடிப்புப் போராட்டம் நடத்தியது நினைவிருக்கலாம். வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக மலேசியாகினி என்ற இணையச் செய்தி நிறுவனம் நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி எனக் கூட்டரசு நீதிமன்றம் 2021 பிப்ரவரி 19இல் தீர்ப்பளித்து, 5 இலட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தபோதும் இப்பிரிவு எடுத்தாளப்பட்டது. ஆகவே குற்றச்சாட்டைக் கண்ட பின்னும் அதை அப்படியே விட்டுவைப்பது உங்களுக்கு நல்லதன்று. நீக்குங்கள், நீக்குமுன் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எழுதியவரைக் கண்டுபிடிப்பதைப் பொறுத்தவரை, உங்களுக்கும் எனக்கும் அவர் முகமற்றவர், சட்டத்துக்கு அவ்வாறில்லை. நம் நாட்டில் முன்கட்டணச் சிம் அட்டைகூட 2006 முதல் அடையாள அட்டையோடு பதிவு செய்யப்படுகிறது. கணக்கைத் தொடங்கிய தொலைபேசி எண், பயன்படுத்திய இணைய முகவரி (ஐ.பி. எண்), அம்முகவரி அந்நேரத்தில் எந்த வீட்டுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது என்று ஒரு சங்கிலி இருக்கிறது; விசாரணை அதிகாரிகளும் நீதிமன்ற ஆணை பெற்றவர்களும் அதன் கண்ணிகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெற முயலலாம். வெளிநாட்டு நிறுவனம் தர மறுத்தாலோ தாமதித்தாலோ சங்கிலி அங்கே அறுந்துபோவதும் உண்டு. 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு, பிறரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு தொடர்புகொள்வதை, "அடையாளத்தை வெளியிட்டோ வெளியிடாமலோ" செய்தாலும் குற்றமென்கிறது. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த திருத்தம் அதற்கான உச்ச அபராதத்தை 50,000 ரிங்கிட்டிலிருந்து 5 இலட்சமாகவும் சிறைத்தண்டனையை இரண்டு ஆண்டாகவும் உயர்த்தியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மனிதர் போலிப் பெயரில் எழுதுவதால் மட்டும் அவர் சொல்வது பொய்யாகிவிடாது. கணக்கு வழக்கைப் பொதுக் கூட்டத்தில் வைத்துவிட்டால் அவருக்கு எழுத எதுவும் இருக்காது.

கேள்வி: பாயான் லெப்பாசில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அங்கே கழிவைச் சட்டத்துக்குப் புறம்பாக வெளியேற்றுகிறார்கள். புதிய டிக்டாக் கணக்கொன்றைத் தொடங்கிக் காணொளியை வெளியிடலாமா?
– ஒரு தொழிலாளி

பதில்: தம்பி, வெளியிடாதீர்கள். 2010ஆம் ஆண்டு தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டம், அமலாக்கத் துறையிடம் தகவல் கொடுப்பவரைத்தான் காக்கிறது. உங்கள் அடையாளத்தை இரகசியமாக வைத்திருக்கும் கடமையும் அத்துறைக்குத்தான் உண்டு. பொதுமக்களிடம் முதலில் கொட்டியவருக்கு அப்பாதுகாப்பு கிடைக்காது. உங்கள் வழக்கில் அத்துறை சுற்றுச்சூழல் துறைதான். மேலும், காணொளி எடுத்த கோணமும் நேரமும் அன்று அந்த மூலையில் பணியில் இருந்தவர் யாரென்று மேற்பார்வையாளருக்குச் சொல்லிவிடும். கணக்கின் பெயரை அவர் பார்க்கவே வேண்டியதில்லை. படங்களை அத்துறையிடம் கொடுக்கும்போது மூலக்கோப்பாகவே கொடுங்கள். கைத்தொலைபேசி படத்தினுள் நாள், நேரம், சில வேளைகளில் இடத்தின் ஆயத்தொலைவு ஆகியவற்றையும் பதிந்து வைக்கிறது. சான்றாக அது உங்களுக்குத் துணை. அதே பதிவுதான், காவல்துறையால் தேடப்பட்டு வந்த கணினிப் பாதுகாப்பு மென்பொருள் தொழிலதிபர் ஜான் மெக்காஃபி குவாத்தமாலாவில் இருப்பதை 2012 டிசம்பரில் ஓர் இதழ் வெளியிட்ட படத்தின் வழியே உலகுக்குக் காட்டிக்கொடுத்தது. புலனம் சாதாரணமாக அனுப்பும் படத்திலிருந்து அவ்விவரத்தை நீக்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் நீக்காது.

கேள்வி: கடன் கொடுத்த ஒருவர் என் அடையாள அட்டையின் படத்தையும் தொலைபேசி எண்ணையும் "மோசடிக்காரர்" என்று எழுதிப் பொதுவில் போட்டுவிட்டார். கடன் உண்மைதான், தவணை தவறியதும் உண்மைதான். நான் ஏதேனும் செய்ய முடியுமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: முடியும். கடன் பாக்கி இருப்பது ஒருவரின் அடையாள அட்டையைத் தெருவில் ஒட்டும் உரிமையைக் கடன் கொடுத்தவருக்குத் தந்துவிடாது. அந்த அட்டையின் 12 இலக்கங்கள் வெறும் எண் அல்ல. முதல் ஆறும் பிறந்த நாள்; அடுத்த இரண்டும் பிறந்த இடம், பினாங்குக்கு 07, கோலாலம்பூருக்கு 14; கடைசி இலக்கம் ஒற்றையானால் ஆண், இரட்டையானால் பெண். தொலைபேசி எண்ணை டுயிட்நவ் பணப்பரிமாற்றத்தில் இட்டுப் பார்த்தால், அது பதிவு செய்யப்பட்டிருக்கும் பட்சத்தில், வங்கியிலுள்ள பெயர் திரையில் வந்துவிடும். புனைபெயரில் பொருள் விற்கும் நம் பெண்கள் பலர் இதை அறிவதில்லை. 2017இல் 4 கோடியே 62 இலட்சம் கைத்தொலைபேசி எண்களின் விவரம் கசிந்த செய்தியை லோயாட்.நெட் இணையத்தளம் வெளியிட்டது, நாட்டின் மக்கள்தொகையைவிடப் பெரிய எண்ணிக்கை அது. எனவே உங்கள் எண் ஏற்கெனவே எங்கோ இருக்கக்கூடும். ஆனால் அதை முகத்தோடும் வசையோடும் சேர்த்துப் போடுவது வேறு செயல்.

2024 ஜூலையில், இணையத்தில் தொடர்ந்து வசைபாடப்பட்ட ஒரு தமிழ்ப்பெண் தலைநகரில் உயிரை மாய்த்துக்கொண்டதும், அவ்விவகாரத்தில் ஒருவருக்கு 100 ரிங்கிட் மட்டுமே அபராதம் விதிக்கப்பட்டதும் நம் வீடுகள்தோறும் பேசப்பட்டன. அதற்குப் பின்னரே தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டது. 2025 முதல் நடப்பில் உள்ள 507பி முதல் 507ஜி வரையிலான பிரிவுகள், ஒருவரைத் துன்புறுத்தும் எண்ணத்தோடு அவருடைய அடையாள விவரங்களை வெளியிடுவதையும் குற்றமாக்கியுள்ளன. பதிவை அதன் முகவரியும் நாளும் தெரியும்படி படமெடுத்து, காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள், எம்.சி.எம்.சி. எனப்படும் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடமும் அத்தளத்திடமும் முறையிடுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நம்பிப் போக வேண்டாம். 2010இல் இயற்றப்பட்ட அச்சட்டம் வணிக நடவடிக்கைகளுக்கு உரியது, தனிமனிதர் தம் சொந்த விவகாரத்தில் செய்வதற்கு விலக்களிக்கிறது. கடன் கொடுத்தவர் உரிமம் பெற்ற நிறுவனமானால் மட்டும் அந்தக் கதவையும் தட்டலாம். பதிலுக்கு அவருடைய முகவரியை நீங்கள் வெளியிட்டால், அதே பிரிவுகள் உங்கள்மீதும் பாயும்.

கேள்வி: பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் அரசியல் பற்றியும் ஒரு பெண்ணைப் பற்றியும் சொந்தப் பெயரில் நிறைய எழுதிவிட்டேன். இப்போது வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அவை தேடலில் முன்னே வருகின்றன. அழிக்க வழியுண்டா?
– பிரிக்ஃபீல்ட்ஸ் வாசகர்

பதில்: கணக்கு இன்னும் உங்கள் கையில் இருந்தால் நீங்களே அழித்துவிட்டு, பழைய பக்கத்தைத் தேடலிலிருந்து அகற்றும்படி கூகுளிடம் கேட்கலாம். தொலைபேசி எண், வீட்டு முகவரி, அடையாள எண் போன்றவற்றைக் காட்டும் முடிவுகளை நீக்கும்படி எந்த நாட்டவரும் கூகுளிடம் விண்ணப்பிக்க முடியும். ஆனால் வெறும் கருத்துகளுக்கு அது பொருந்தாது. காலங்கடந்த செய்தியைத் தேடலிலிருந்து நீக்கக் கோரும் உரிமையை ஐரோப்பிய நீதிமன்றம் 2014இல் தன் நாட்டவர்க்கு வழங்கியது. மலேசியாவில் அத்தகைய சட்டம் இல்லை. 1996இல் தொடங்கிய இணைய ஆவணக் காப்பகம் அப்பக்கத்தைப் படியெடுத்து வைத்திருந்தால், அதற்கும் தனியே எழுதிக் கேட்க வேண்டும். அந்தப் பெண்ணைப் பற்றி எழுதியதை முதலில் அகற்றுங்கள். அரசியலை எந்த முதலாளியும் மறந்துவிடுவார்.

கேள்வி: முகத்தைக் காட்டத் துணிவில்லாதவர்கள் எழுதுவதை ஏன் மதிக்க வேண்டும்?
– தமிழாசிரியர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: சங்கப் பாடல்கள் பலவற்றைப் பாடியவரின் இயற்பெயரே நமக்குத் தெரியாது, பாட்டில் வந்த தொடரையே பெயராக இட்டு வழங்குகிறோம். அவற்றை யாரும் மதிக்காமல் விட்டுவிடவில்லை. தோட்டப்புறக் காலத்தில் நம் நாளிதழ்களுக்குக் கடிதம் எழுதியவர்கள் துரைக்கு அஞ்சிப் புனைபெயரில் எழுதினார்கள். அவர்களுக்கு அச்சமூட்டியது பொய் அன்று, வேலை போய்விடும் என்ற உண்மை. வசைக்கு முகமூடி தேடுபவரையும், வயிற்றுப்பாட்டுக்காகப் பெயரை மறைப்பவரையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஐயா, நீங்களும் பெயரில்லாமல்தான் இக்கடிதத்தை எழுதியிருக்கிறீர்கள்.

கேள்வி: மறைநிலை உலாவியில் எழுதினால் போதாதா? வி.பி.என். வாங்க வேண்டுமா?
– கல்லூரி மாணவி, கோலாலம்பூர்

பதில்: மறைநிலை உலாவி உங்கள் கணினியில் தடம் விடாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதே கணினியைப் பயன்படுத்தும் அண்ணன் பார்க்க மாட்டார். நீங்கள் எழுதும் தளமும் இணையச் சேவை நிறுவனமும் வழக்கம்போல் உங்கள் இணைய முகவரியைப் பார்க்கும். வி.பி.என். எனும் இடைவழிச் சேவை அம்முகவரியைத் தளத்திடமிருந்து மறைக்கும், ஆனால் அம்முகவரியும் நீங்கள் செல்லும் தளங்களும் வி.பி.என். நிறுவனத்துக்குத் தெரியும். இலவசமாகத் தருபவர் எதைக் கொண்டு பிழைக்கிறார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். நம் நாட்டில் அதைப் பயன்படுத்துவது குற்றமன்று. உங்கள் நோக்கம் தோழியரிடமிருந்து மறைவது மட்டுமானால், இரண்டும் உங்களுக்குத் தேவையில்லை. வேறெங்கும் பயன்படுத்தாத மின்னஞ்சலும், வேறெங்கும் பயன்படுத்தாத புனைபெயரும், உங்களுடையதல்லாத ஒரு படமும் போதும். டெலிகிராமில் எழுதுவதானால், உங்கள் எண்ணை யார் பார்க்கலாம், எண்ணைக் கொண்டு உங்களை யார் தேடலாம் என்ற இரண்டு அமைப்புகளையும் முதலில் மாற்றிவிடுங்கள்; புலனக் குழுவில் அந்த வசதியை எதிர்பார்க்க வேண்டாம், அங்கே உங்கள் எண்ணை எல்லா உறுப்பினரும் பார்ப்பார்கள்.